தோல்விக்கும் சேர்த்து விலை ஏற்றலாமா? ஒரு சீசன் டிக்கெட் வாடிக்கையாளரின் புகார்

அனுப்புநர்:
மூன்றாம் பேஸ் பக்கம், மேல்தளம்
அரை சீசன் திட்ட வாடிக்கையாளர்

பெறுநர்:
பேஸ்பால் அணியின் தலைவர், ஜெனரல் மேனேஜர் மற்றும் டிக்கெட் விற்பனைப் பிரிவு

பொருள்: புதுப்பிப்புக் கட்டண உயர்வும், அணி கட்டப்படும் விதமும்

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

அடுத்த சீசனுக்கான புதுப்பிப்பு மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. கட்டணம் எட்டில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அதே மின்னஞ்சலில் "உற்சாகமூட்டும் இளம் அணி", "நீண்டகாலப் பார்வை" என்று இரண்டு பத்தி. கீழே அச்சிட்டிருந்த படத்தில் நடுவில் நிற்பவர், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் காவல் நிற்கும் நம் ஷார்ட்ஸ்டாப். அவரை ஜூலைக் கடைசியில் வேறு அணிக்கு டிரேடு செய்து அனுப்பியவர்கள் நீங்கள்தான். விளம்பரப் பிரிவுக்கு யாராவது தகவல் சொல்லியிருக்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அணி தோற்கிறது என்பது என் புகார் இல்லை. 162 ஆட்டம் ஆடும் விளையாட்டில் மிகச் சிறந்த அணியும் அறுபது ஆட்டம் தோற்கும். அதைத் தாங்க முடியாதவர் பேஸ்பால் பக்கமே வரக்கூடாது. என் புகார் வேறு: வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தை வருடாவருடம் குறைக்கிறீர்கள், என்னிடம் வாங்கும் பணத்தை வருடாவருடம் கூட்டுகிறீர்கள், இரண்டுக்கும் "அணியைப் புதிதாகக் கட்டுகிறோம்" என்ற ஒரே காரணத்தைச் சொல்கிறீர்கள். வீட்டை இடித்துக் கட்டுகிறேன் என்று சொல்லும் உரிமையாளர், கட்டி முடிக்கும்வரை வாடகையைக் கூட்டிக்கொண்டே போவதில்லை.

போன குளிர்காலத்தில் சீசன் டிக்கெட் வாடிக்கையாளர்களுக்கென்று நடத்திய கூட்டத்தில் உங்கள் அதிகாரி ஒருவர் ஹூஸ்டனை உதாரணம் காட்டினார். "அவர்களும் மூன்று வருடம் மோசமாகத் தோற்றார்கள், பிறகு பாருங்கள்" என்றார். சரி, பார்ப்போம். ஹூஸ்டன் அணியான ஆஸ்ட்ரோஸ் 2011-இல் 106 ஆட்டம் தோற்றது, 2012-இல் 107, 2013-இல் 111. 2017-இல் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸ் தொடரை வென்றது. (அந்தக் கோப்பையின்மேல் எதிரணியின் சைகைகளைத் திருடிய கறை இருக்கிறது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) ஆனால் அந்த அணியில் ஆடியவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஹோசே அல்டூவேயை 2007-இலேயே வெனிசுலாவில் 15,000 டாலருக்கு எடுத்துவிட்டார்கள். டாலஸ் கைகல், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 2009-இல் ஏழாவது சுற்று. ஜார்ஜ் ஸ்ப்ரிங்கர் 2011 ஜூனில் எடுக்கப்பட்டவர். மூவருமே ஜெஃப் லுனோவ் ஜெனரல் மேனேஜராக 2011 டிசம்பரில் பொறுப்பேற்பதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள்.

கடைசியில் நிற்கும் அணிக்கே டிராஃப்ட்டில் முதல் தேர்வு என்ற அன்றைய முறையில், தோற்றுத் தோற்று ஹூஸ்டனுக்குக் கிடைத்தது தொடர்ந்து மூன்று முதல் தேர்வுகள். 2012-இல் கார்லோஸ் கொரேயா, நல்ல தேர்வு. 2013-இல் மார்க் அப்பெல் என்ற பிட்சர். அவர் பெரிய லீக்கில் முதல் பந்தை வீசியது 2022-இல், அதுவும் பிலடெல்பியாவுக்காக. 2014-இல் பிரேடி எய்கன், ஒப்பந்தமே ஆகவில்லை. அதற்கு ஈடாக மறுவருடம் கிடைத்த இரண்டாவது தேர்வில்தான் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். ஆக மூன்றில் ஒன்று நேராகப் பலித்தது, ஒன்று சுற்றி வளைத்துப் பலித்தது, ஒன்று போனது போனதுதான். அந்த அணியை உயர்த்தியதில் தோல்விக்குக் கிடைத்த பரிசு ஒரு பங்கு. ஆள் பார்த்து எடுத்தவர்களும், எடுத்த ஆளை வளர்த்தவர்களும் பெரும்பங்கு. நீங்கள் ஹூஸ்டனிடமிருந்து எடுத்துக்கொண்டது தோற்பதை மட்டும்.

அந்த வழியும் இப்போது பாதி அடைபட்டுவிட்டது. அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்த 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு டிராஃப்ட்டின் முதல் ஆறு இடங்களைக் குலுக்கலில்தான் தீர்மானிக்கிறார்கள். அணிகளுக்கிடையேயான வருமானப் பகிர்வில் பணம் வாங்கும் அணி குலுக்கலில் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் இடம் பெற முடியாது, பணம் கொடுக்கும் அணி தொடர்ந்து இரண்டு வருடம்கூட இடம் பெற முடியாது. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்று, 1962-இல் நியூயார்க் மெட்ஸ் வைத்திருந்த 120-ஐத் தாண்டியது. அத்தனை தோல்விக்கும் அடுத்த டிராஃப்ட்டில் கிடைத்தது பத்தாவது இடம். அதற்கு மேலே போக விதி விடவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்துகொண்டே எங்களிடம் பழைய கதையைச் சொல்வதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பின்னாளில் பெரும் நட்சத்திரங்களான இருவரைப் பாருங்கள்: மைக் ட்ரவுட் 2009-இல் இருபத்தைந்தாவது தேர்வு. ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999-இல் பதின்மூன்றாவது சுற்று. அவர்களைத் தாண்டிப் போன அணிகள் எத்தனை! மைதானம் மைதானமாகப் போய்ப் பையன்களைப் பார்க்கும் ஸ்கவுட்டுகளிடமும், பெரிய லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் பத்தொன்பது வயதுப் பையனின் ஸ்விங்கைத் திருத்தும் பயிற்சியாளர்களிடமும்தான் இந்த விளையாட்டில் மலிவான வெற்றி ஒளிந்திருக்கிறது. நம் அணியோ பல ஸ்கவுட்டுகளை அனுப்பிவிட்டு, "வீடியோ போதும்" என்று அறிவித்தது. ஒப்பந்தக் கட்டு இல்லாமல் எந்த அணிக்கும் போகக்கூடிய ஒரு சுமாரான ஃப்ரீ ஏஜென்ட் பிட்சருக்கு ஒரு வருடம் கொடுக்கும் சம்பளத்தில் அவர்கள் அத்தனை பேரையும் பல வருடம் வைத்திருக்கலாம். சம்பளப் பட்டியலைக் குறைத்ததற்காவது ஒரு கணக்கு இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இதற்கு என்ன கணக்கு?

அடுத்தது, "நாம் சின்ன ஊர்" என்ற பதில். பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை, உண்மைதான். 2025-இல் 241 மில்லியன் டாலரைத் தாண்டினால் வரி, அவ்வளவுதான். பணக்கார அணி வரியையும் கட்டிவிட்டுப் போகும். லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர்ஸ் அணி 2023 டிசம்பரில் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓடானிக்கு 700 மில்லியன் எழுதிக் கொடுத்து, அதில் 680 மில்லியனைப் பிற்காலத்துக்குத் தள்ளி வைத்தது. அப்படி ஒரு காரியம் நம்மால் ஆகாது, நான் கேட்கவும் இல்லை. ஆனால் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் இருப்பதுபோல இங்கே குறைந்தபட்சச் செலவு என்ற விதியும் இல்லையே! அந்த ஓட்டையில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்கள். ஒவ்வொரு அணியும் தன் உள்ளூர் நிகர வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுத் தொகுப்பில் போடுகிறது, அது முப்பது அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. அந்தப் பணம் களத்தில் அணியை மேம்படுத்தத்தான் என்று ஒப்பந்தமே சொல்கிறது. பெரிய ஊர்க்காரர்கள் நமக்காகக் கட்டும் பணம் அது. எங்கே போகிறது?

சின்ன ஊர் என்றால் மில்வாக்கி என்ன பெரிய ஊரா? அந்த ஊர் அணியான ப்ரூவர்ஸ் 2025-இல் 97 ஆட்டம் வென்று லீக்கிலேயே முதலிடத்தில் நின்றது. பிளேஆஃப்பில் டாட்ஜர்ஸ் அவர்களைத் துடைத்துப் போட்டது வேறு விஷயம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்த ஊர்க்காரர்கள் பார்த்த பேஸ்பாலில் கால்வாசி எங்களுக்குக் கொடுங்கள், போதும்.

பணம் கொட்டினால் மட்டும் நடந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. மெட்ஸ் 2023-இல் அதுவரை யாரும் செலவழிக்காத அளவு செலவழித்து 75 ஆட்டம்தான் வென்றது. ஆனால் பணம் மட்டும் போதாது என்பது, பணமே போடாமல் இருப்பதற்குச் சாக்கு ஆகாது. உங்கள் ஆட்கள் வாயைத் திறந்தால் 2002 ஓக்லண்ட் அணியைப் பேசுகிறார்கள். ஏறத்தாழ 40 மில்லியன் சம்பளத்தில் 103 வெற்றி, தொடர்ந்து 20 ஆட்டம். எல்லாம் சரி. அவுட் ஆகாமல் பேஸைச் சேரும் திறனை மற்றவர்கள் மலிவாக மதித்த காலத்தில் அவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். இன்று முப்பது அணிகளுக்கும் அந்தக் கணக்கு தெரியும், அதில் மலிவு என்று எதுவும் மிச்சமில்லை. அப்புறம், அந்த அணியில் மிகேல் தெஹாடா அந்த வருடம் எம்.வி.பி., அதாவது மிகச் சிறந்த வீரர், பேரி ஸீட்டோ சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், கூடவே பிட்சர்கள் ஹட்சனும் மல்டரும். நால்வருமே அந்த அணியே எடுத்து வளர்த்தவர்கள். கதை சொல்கிறவர்கள் இதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் கன்சாஸ் சிட்டி. 2012 டிசம்பரில் தங்கள் கையிலிருந்த மிகப் பெரிய இளம் ஹிட்டர் வில் மையர்ஸைக் கொடுத்து, ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற இரு பிட்சர்களை வாங்கினார்கள். எதிர்காலத்தை விற்றுவிட்டார்கள் என்று பலர் திட்டினார்கள். 2014-இல் வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம் வரை போனார்கள், 2015-இல் வென்றார்கள். கடைசி ஆட்டத்தின் கடைசி அவுட்டை எடுத்தவர் வேட் டேவிஸ். அதற்கான விலையையும் பிறகு கட்டினார்கள், 2018-இல் 104 தோல்வி. அந்த ஊர் ரசிகரிடம் இந்தப் பேரம் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள். அதே அணி 2023-இல் 106 ஆட்டம் தோற்றது. அந்தக் குளிர்காலம் அவர்கள் "பொறுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. செத் லூகோ, மைக்கேல் வாகா என்று நூறு மில்லியனுக்கு மேல் ஃப்ரீ ஏஜென்ட்டுகளுக்குச் செலவழித்தார்கள். 2024 பிப்ரவரியில் இளம் ஷார்ட்ஸ்டாப் பாபி விட் ஜூனியருக்குப் பதினோரு வருடத்துக்கு 288 மில்லியனுக்கு மேல் கொடுத்துத் தக்கவைத்தார்கள். அந்த வருடமே 86 வெற்றி, பிளேஆஃப். அவர்களுடையதும் சின்ன ஊர்தான். ஷார்ட்ஸ்டாப்பும் இருந்தார். வைத்துக்கொண்டார்கள்.

நம் மூன்றாம் பேஸ் பையன் விஷயத்தில் நீங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களில் அடித்து நொறுக்கினார். "ஃபீல்டிங்கில் இன்னும் கொஞ்சம் தேற வேண்டும்" என்று மைனர் லீக்கின் மேல்படியான டிரிபிள்-ஏ-க்கு அனுப்பினீர்கள். ஏப்ரல் நடுவில் ஒரு நாள் காலையில் ஃபீல்டிங் தேறிவிட்டது! ஒரு சீசனின் சுமார் 187 நாளில் 172 நாள் பெரிய அணியில் இருந்தால் முழு வருடக் கணக்கு, ஆறு வருடம் ஆனால் ஃப்ரீ ஏஜென்ட். சில நாள் தள்ளி அழைத்தால் ஆளை ஒரு வருடம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். 2015-இல் சிகாகோ கப்ஸ் தன் புதுமுகம் கிரிஸ் பிரையன்ட்டைச் சரியாக 171 நாளில் நிறுத்தியது ஊருக்கே தெரியும். அவர் முறையிட்டும் தோற்றார். நீங்கள் செய்ததும் விதிப்படி சரிதான். ஆனால் இப்போது நல்ல புதுமுக வீரரை முதல் நாளிலிருந்தே ஆட வைக்கும் அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் தேர்வு கிடைக்க வழி இருக்கிறது. வருடத்தின் சிறந்த புதுமுகம் விருதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால், தாமதமாக அழைத்தாலும் பையனுக்கு முழு வருடக் கணக்கு கிடைத்துவிடும். ஆக, ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கப் போய் உங்களுக்கு நீங்களே நஷ்டம் தேடியிருக்கலாம். எங்களுக்கோ முதல் இரண்டு வாரம் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் மூன்றாம் பேஸில் பந்தை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்கும் பாக்கியம்.

எண்கணக்கைப் பார்த்துப் பிட்சரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்துவிடும் பழக்கம் பற்றியும் எழுத நினைத்தேன். எண்களுக்கு நான் எதிரி இல்லை. 2020 வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டத்தில் ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டு நின்ற தன் பிட்சர் பிளேக் ஸ்னெல்லை 73 பந்தில் எடுத்துவிட்டு டாம்பா பே அணி பட்ட பாட்டை மட்டும் மேனேஜருக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

இனி என் கோரிக்கைகள். வெற்றி எண்ணிக்கை தோல்வியைத் தாண்டும் வரை, ஏற்கெனவே திட்டத்தில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்குப் பழைய கட்டணத்தையே வையுங்கள். ஆகஸ்டில் ஷார்ட்ஸ்டாப் பொம்மை கொடுக்கும் நாள் என்று அறிவித்து, அதற்காகவே கூடுதல் டிக்கெட் விற்றீர்கள். ஆளை ஜூலையில் அனுப்பிவிட்டு, அன்று வாசலில் அணியின் சின்னமான கரடியைக் கையில் கொடுத்தீர்கள். என்னுடன் வந்த பிள்ளைகள் அந்தக் கரடியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கூடுதல் டிக்கெட்டுகளுக்கான தொகையை என் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ரசீது இணைத்திருக்கிறேன்.

மூன்றாம் பேஸ் பையனுக்கு நீண்டகால ஒப்பந்தம் பேசப்படுகிறதா, அனுப்பிவிட்ட ஸ்கவுட்டுகளின் இடங்கள் நிரப்பப்படுமா, வருமானப் பகிர்வில் வந்த தொகையில் எவ்வளவு வீரர்களுக்கும் மைனர் லீக்குக்கும் போனது: இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். தொகையை வெளியே சொல்ல முடியாது என்பீர்கள். சதவீதமாவது சொல்லலாம். "எத்தனை வருடத்தில்?" என்ற கேள்வியை மேலே சொன்ன கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். உங்கள் அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதையும் இத்துடன் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளவும்.

என் திட்டம் தானாகப் புதுப்பிக்கும் முறையில் இருக்கிறது. பதில் வரும் வரை என் அட்டையிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதை மீறி எடுத்தால் வங்கியில் மறுப்புத் தெரிவிப்பேன். விற்பனைப் பிரிவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, கீழ்த்தளத்தில் நல்ல இருக்கை காலியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். காலியாக இருப்பது மேலே உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரிகிறது.

இப்படிக்கு,
மூன்றாம் பேஸ் பக்க மேல்தள வாடிக்கையாளர்

இணைப்பு: புதுப்பிப்பு மின்னஞ்சலின் நகல், ஆகஸ்ட் கூடுதல் டிக்கெட்டுகளின் ரசீது