செந்திலுக்கு: மனாவும் மாயக்காடும்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை பிடித்திருக்கிறது என்றதும், மகள் உன்னைவிட அழகாக வீடு கட்டுகிறாள் என்றதும் படிக்கவே சந்தோஷமாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். ஊர்க் கதையை நேரில் பேசிக்கொள்ளலாம், முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். மைன்கிராஃப்ட் திக்குகிறது, பொட்டானியா மாட் (மாட் என்பது விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) பூக்களிலிருந்து தரும் மாயசக்தியான மனா ஏறவே இல்லை, ட்விலைட் ஃபாரஸ்ட் என்ற மாயக்காட்டு உலகத்தில் கண் இருண்டு செத்துப்போகிறாய். மூன்று புகார். கடைசி இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மாயத்தை ஒரு விளையாட்டாகவும் ஊர்சுற்றுவதை இன்னொரு விளையாட்டாகவும் ஆடிக்கொண்டிருக்கிறாய். இந்த மாதிரி மாட்பேக்கில், அதாவது பல மாட்களின் தொகுப்பில், வீட்டில் எதைச் செய்து வைத்தாய் என்பதுதான் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முடிவுசெய்யும்.

திக்கலைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். அது எப்போது வருகிறது என்று பார். நின்ற இடத்திலேயே சீரான இடைவெளியில் ஒரு கணம் உறைந்தால் மெமரிக் கோளாறு. எஃப்3 அழுத்தினால் வலது மேல்மூலையில் மெமரி சதவீதம் தெரியும். அது 95-ஐத் தொட்டுச் சட்டென்று இறங்கும்போதெல்லாம் படம் உறைகிறதென்றால் நீ ஒதுக்கியது போதவில்லை. சாதாரண லாஞ்சர் 2 ஜிபிதான் கொடுக்கும். உன் கணினியில் 16 இருப்பதால் 6 முதல் 8 வரை கொடு, அதற்கு மேல் வேண்டாம். மிச்சம் விண்டோஸுக்கும் வேண்டும், தேவைக்கு மேல் கொடுத்தால் குப்பை சேர்ந்து மொத்தமாகக் கூட்டும்போது உறைவு இன்னும் நீளும். மைன்கிராஃப்ட் 1.20.1 பதிப்புக்கு ஜாவா 17 வேண்டும் என்பதையும் சரிபார்.

புது நிலத்துக்குள் ஓடும்போது மட்டும் திக்கினால் அது நிலம் உருவாகும் சுமை. சங்கி மாட் போட்டு நிலத்தை முன்கூட்டியே உருவாக்கிவிடு. ஆரம் 3000 என்றால் 6000-க்கு 6000 கட்டம், அதாவது ஏறக்குறைய 1,40,000 சங்க் (16-க்கு 16 கட்டமுள்ள நிலத்துண்டு). இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போ. ஆனால் மாட் பட்டியலை முடிவு செய்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஏற்கெனவே உருவான சங்கில் பிறகு சேர்க்கும் மாட்டின் கோட்டையோ கோயிலோ முளைக்காது, அதைத் தேடி 3000 கட்டத்துக்கு அப்பால் அலைய வேண்டியிருக்கும். ஆப்டிஃபைனை எடுத்துவிடு, படத்தை வேகமாக்கும் எம்பீடியமும் அதுவும் ஒரே வீட்டில் இருக்காது. ஷேடர் (ஒளி-நிழல் அழகு) வேண்டுமென்றால் ஆக்யுலஸ் இருக்கிறது. ரெண்டர் தூரம் (கண்ணுக்குத் தெரிவது) 10, சிமுலேஷன் தூரம் (உலகம் இயங்குவது) 6 சங்க் போதும்.

இந்த 6-ஐ ஞாபகத்தில் வை, மனா விஷயமே இங்கேதான் தொடங்குகிறது. 6 சங்க் என்பது உன்னைச் சுற்றி 96 கட்டம். அதைத் தாண்டிப் போனதும் வீட்டில் மனா தரும் பூ, அதைத் தள்ளிவிடும் ஸ்பிரெடர், அடுப்பு எல்லாம் அப்படியே நின்றுவிடும். ட்விலைட் ஃபாரஸ்டுக்குள் போனால் இன்னும் மோசம். ஓர் உலகத்தில் ஆளே இல்லையென்றால் 300 டிக், அதாவது 15 விநாடி கழித்து அங்கே எந்த இயந்திரமும் ஓடாது. தொடக்க இடத்துச் சங்குகள் எப்போதும் லோடாகியே இருக்கும், அங்கே வீடு கட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நீ வேறு உலகத்தில் இருக்கும்போது அது உதவாது. காட்டில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து மனா சேரும் பூல் காலி என்று புலம்புகிறாயே, நீ கிளம்பிய நிமிடமே அது நின்றுவிட்டது.

உன் பேக்கில் எஃப்டிபி சங்க்ஸ் என்ற மாட் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதன் வரைபடத்தைத் திறந்து, வீட்டுச் சங்கைச் சொடுக்கி உன்னுடையதாக்கு, பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மறுபடி சொடுக்கு. அது ஃபோர்ஸ் லோட் ஆகிவிடும், நீ தூரத்தில் இருந்தாலும் இயங்கும். பூ, பூல், கரி கொடுக்கும் பெட்டி எல்லாம் ஒன்றிரண்டு சங்குக்குள் அடங்கும்படி கட்டினால் ஒதுக்கீட்டை வீணாக்க வேண்டியதில்லை.

இனி எண்டோஃப்ளேம், எரிபொருளைத் தின்று மனா தரும் பூ. இரண்டு பழுப்பு இதழ், ஒரு சிவப்பு, ஒரு வெளிர்சாம்பல் இதழ் அப்போதிகரி என்ற தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, கடைசியில் ஒரு விதையைப் போட்டால் பூ வரும். 3 கட்டத்துக்குள் தரையில் கிடக்கும் எரிபொருளை அது தின்னும். உலையில் எரியும் நேரத்தில் பாதிதான் எரியும், 2 டிக்குக்கு 3 மனா தரும். ஒரு கரிக்கு 800 டிக், 1,200 மனா. நீ செய்வது ஒரு ஸ்டாக், அதாவது 64 கரியைக் கொட்டிவிட்டுப் போவது. அங்கேதான் நஷ்டம். தரையில் கிடக்கும் எந்தப் பொருளும் 5 நிமிடத்தில் மறைந்துவிடும். ஒரு பூ 40 விநாடிக்கு ஒரு கரி தின்றால் 5 நிமிடத்தில் ஏழெட்டுக் கரிதான் ஆகும். உன் 4 பூவும் சேர்ந்து 30 தின்னும், மிச்சம் 34 காற்றில் போய்விடும்.

கரியை அப்படியே போடாமல் கரிக்கட்டியாக்கிப் போடு. 9 கரியைக் கட்டி செய்தால் அது 10 கரி அளவு எரியும், ஆகவே 10,800-க்குப் பதில் 12,000 மனா. ஒரு கட்டி 400 விநாடி எரிவதால் பூவுக்கு ஒன்று வீதம் போட்டால் எதுவும் தரையில் காத்துக் கிடக்காது. பூவை 8 ஆக்கு. 8 பூவுக்கு 400 விநாடியில் 8 கட்டி, அதாவது 50 விநாடிக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தால் போதும். துடிப்பு வந்தால் ஒரு பொருளை வெளியே தள்ளும் டிராப்பரில் கட்டிகளை நிரப்பி, ஹாப்பர் கிளாக்கில் (இரண்டு ஹாப்பர் பொருளை மாற்றிக்கொள்ளும் கடிகாரம்) 64 பொருள் போட்டால் ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 51 விநாடி வரும். ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு மட்டும் டிராப்பருக்குப் போகட்டும். எந்தப் பூ காலியோ அது எடுத்துக்கொள்ளும். கிளாக் கொஞ்சம் மெதுவாக ஓடினால் பாதகமில்லை, வேகமாக ஓடினால்தான் கட்டி குவிந்து மறையும்.

இன்னொரு ஓட்டை ஸ்பிரெடரில். சாதாரண மனா ஸ்பிரெடர் ஒரு தடவைக்கு 160 மனா தள்ளும், அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்ததை விடும். உன் படத்தில் அது பூலுக்குப் பத்துக் கட்டம் தள்ளி நிற்கிறது. 8 பூ விநாடிக்கு 240 மனா தரும், தூரத்து ஸ்பிரெடர் ஒன்றால் அது ஆகாது. இரண்டு ஸ்பிரெடர் வை, ஒவ்வொன்றும் பூலிலிருந்து இரண்டு மூன்று கட்டத்துக்குள், பூக்கள் அவற்றைச் சுற்றி 6 கட்டத்துக்குள். காட்டு மந்திரக்கோலால் ஷிஃப்ட் அழுத்தி ஸ்பிரெடரைத் தொட்டு, அப்புறம் பூலைத் தொட்டால் குறி ஒட்டிக்கொள்ளும். பூல் நிரம்பினாலும் பூ பிடித்த கட்டியை எரித்துக்கொண்டேதான் இருக்கும் என்பதால், பூலுக்குப் பக்கத்தில் அளவைக் காட்டும் ஒரு கம்பேரேட்டர் வைத்து, நிரம்பும்போது ஹாப்பரைப் பூட்டிவிடு.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். ஓர் இரும்புக் கட்டியைப் பூலில் போட்டால் 3,000 மனாவில் மனாஸ்டீல் ஆகிறது. முழுக் கவசத்துக்கு 24 கட்டி, 72,000 மனா. பாதுகாப்பு எண்ணில் பார்த்தால் இரும்பைவிடப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பையில் மனா டேப்லெட் ஒன்று இருந்தால் கவசமும் கோடாலியும் தானாகச் சரியாகிக்கொண்டே வரும். டேப்லெட் 5 லட்சம் கொள்ளும், பூலில் எறிந்தால் நிறையும். காட்டில் பட்டறை தேடி அலையாமல் பாதிநாள் கூடுதலாகச் சுற்ற முடிகிறதே, அதுதான் லாபம். அதற்கு மேலான உலோகமான டெராஸ்டீலுக்கு அவசரப்படாதே. ஒரு கட்டிக்கு 5 லட்சம் மனா, மேலே சொன்ன அமைப்பில் 42 கரிக்கட்டியும் முப்பத்தைந்து நிமிடமும் ஆகும். அதைச் செய்யும் தட்டுக்குக் கீழே மூலைகளிலும் நடுவிலும் லிவிங்ராக் கல் 5, பக்கங்களில் லேப்பிஸ் பிளாக் 4. பூலில் 5 லட்சம் சேர்ந்த பிறகு மட்டும் பூலுக்கு மேல் மனாவைக் கடத்தும் ஒரு ஸ்பார்க், தட்டுக்கு மேல் ஒரு ஸ்பார்க் வைத்து, மனாஸ்டீல், மனா முத்து, மனா வைரம் மூன்றையும் ஒவ்வொன்று போடு. டிக்குக்கு 1,000 வீதம் இறங்கி அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பூல் அரைகுறையாக இருக்கும்போது தொடங்கி, ஏன் நகரவில்லை என்று கடுப்பாவதுதான் பலரும் செய்வது.

ஆர்ஸ் நூவோவை (மந்திரம் கட்டும் மாட்) நீ தொடவே இல்லை போலிருக்கிறது. வீட்டுக்குப் பொட்டானியா என்றால் வழிக்கு இதுதான். அதன் மனா உன் திரையில் ஓடும் சொந்தப் பட்டை, தானாக ஊறும். பொட்டானியா மனாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சோர்ஸ் என்பது மூன்றாவது சக்தி, அது ஜாடியில் சேரும், ஜாடிக்கு 10,000. மூன்றையும் குழப்பிக்கொண்டு பூலைப் பார்த்துப் புத்தகத்தைத் திட்டாதே. ஆரம்ப மந்திரப் புத்தகத்துக்கு ஒரு சாதாரணப் புத்தகமும் இரும்பில் வாள், கோடாலி, மண்வெட்டி, பிக்காக்ஸ் ஒவ்வொன்றும் போதும். மந்திரம் கட்டும்போது வடிவம் முதலில், வேலை அடுத்து, வலுக்கூட்டுவது அந்த வேலைக்குப் பின்னாலேயே. ப்ரொஜெக்டைல் (எறிவது), பிரேக் (உடைப்பது), ஆம்ப்ளிஃபை (வலுக்கூட்டுவது) என்று வைத்தால் கடினமான கல்லும் உடையும். ஆம்ப்ளிஃபையை ப்ரொஜெக்டைலுக்கு அடுத்து வைத்தால் பிரேக்குக்கு அது ஒட்டாது. குகைக்கு வெளிச்சம், பள்ளத்துக்கு லீப், சண்டைக்கு ஹார்ம் என்று மூன்று நான்கைத் தயாராக வைத்துக்கொண்டால் பையில் டார்ச்சும் ஏணியும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

இப்போது காடு. வாசல் உனக்குத் தெரியும்: புல்தரையில் 2-க்கு 2 தண்ணீர், ஒரு கட்டம் ஆழம், சுற்றி 12 செடி, உள்ளே ஒரு வைரம். எறிந்ததும் தள்ளி நில், இடி விழும். உள்ளே போனதும் நீ நேராக இருண்ட காட்டுக்குள் நடந்திருக்கிறாய். கண் இருண்டது பேக்கின் கோளாறு அல்ல. ட்விலைட் ஃபாரஸ்ட் தன் வரிசையை இப்படித்தான் காக்கிறது. லிச் என்ற எலும்பு மந்திரவாதியைக் கொல்லும்வரை இருண்ட காட்டில் பார்வை போகும், சதுப்பில் பசி பிடுங்கும், பனிக்காட்டில் உறைவாய். அதற்கு மருந்தோ கவசமோ தேடுவது வீண்.

முதலில் நாகா என்ற பெரும்பாம்பு. அதன் முற்றத்தைத் தேட மாய வரைபடம் செய்: காக்கை இறகு, டார்ச்பெரி, க்ளோஸ்டோன் பொடி சேர்த்தால் ஃபோகஸ், அதைச் சுற்றி 8 காகிதம். நாகா விழுந்த பிறகுதான் லிச் கோபுரம் உனக்குத் திறக்கும். லிச்சிடம் வாளோடு பாயாதே. கேடயங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்வரை வாளுக்குப் பலனில்லை. அது எறியும் முத்துப் பந்தைச் சரியான நேரத்தில் வாளால் அடித்துத் திருப்பு, ஒவ்வொரு கேடயமாக உடையும். பிறகு ஜாம்பிகளை அழைக்கும், கடைசியில் தங்க வாளோடு வரும், அப்போது உன் மனாஸ்டீலுக்கு வேலை. தோற்றவர்களின் ட்ராஃபிகளை வீட்டில் மாட்டிவைத்து மறந்துவிடாதே, இருண்ட காட்டுக் கோட்டைக்குள் நுழைய அங்குள்ள பீடத்தில் ஒரு ட்ராஃபி வைக்க வேண்டும்.

லிச்சுக்குப் பிறகு மூன்று வழி திறக்கும். சதுப்பை முதலில் எடு. அங்கே பூமிக்கடியில் புதிர்மாளிகை இருக்கிறது. அதன் சுவரைச் சாதாரண பிக்காக்ஸால் உடைக்க முயன்றால் கருவி மளமளவென்று தேயும், வழியைத் தேடித்தான் போக வேண்டும். உள்ளே மினோஷ்ரூம் என்ற எருது அரக்கனை வென்று, அது தரும் மீஃப் ஸ்ட்ரோகனாஃப் உணவைச் சாப்பிட்டால்தான் நெருப்புச் சதுப்பு உன்னை விடும். சாப்பிடாமல் பையில் வைத்திருந்தால் எரிவாய். அங்கே பல தலை ஹைட்ரா. வாய் திறந்திருக்கும் தலையைக் குறிவை, மூடிய தலையில் அம்பு வீண். பனிக்காடும் இருண்ட கோட்டையும் அதற்குப் பின் எந்த வரிசையிலும் போகலாம். மூன்றும் முடியாமல் மேட்டுநிலத்துக்கு ஏறினால் அமில மழை.

எக்ஸ்ப்ளோரர்ஸ் காம்பஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு அது பிடிக்காது. எல்லாக் கோட்டைக்கும் அம்பு காட்டிவிட்டால் நடப்பதற்கு என்ன இருக்கிறது? நிலவகையைத் தேடும் நேச்சர்ஸ் காம்பஸை மட்டும் வைத்துக்கொள், ஒரே ஒரு மரவகைக்காக நாள்முழுக்க அலைவதில் சுகமில்லை. மினிமேப்பில் குகைக் காட்சியையும் அணைத்துவிடு, சண்டை வேண்டாம் என்றால் மகளிடம் கேட்டுக்கொண்டு.

பேக்குக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்றாய். அழுத்துவதற்கு முன் உலகக் கோப்புறையை அப்படியே வேறு இடத்தில் நகலெடு. ஏதாவது மாட்டை அவர்கள் நீக்கியிருந்தால் அதன் பிளாக்குகளும் பெட்டிக்குள் இருந்த பொருள்களும் திறந்த அடுத்த நொடி காணாமல் போகும், பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் வராது. நகலெடுத்துவிட்டு மாற்றப் பட்டியலை எனக்கும் அனுப்பு, பொட்டானியாவில் கைவைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
குமார்