சுண்ணாம்பு நீற்றும்போது கண் கவனம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றுவோர் இன்னும் பலர். அடுப்பில்லாமலே அது கொதிப்பது வேதிவினையின் வெப்பத்தால். 1 கிலோ தூய சுட்ட சுண்ணாம்பு நீருடன் சேர்கையில் சுமார் 1,150 கிலோஜூல் வெளிப்படும். 3 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்.

கல்லின் மேல் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரிய தவறு. குறைந்த நீரில் சூடு 100 டிகிரியைத் தாண்டி, நீராவி சுண்ணாம்பை வாரியடிக்கும். இரும்பு டிரம்மில் கிலோவுக்கு 4 லிட்டர் என முதலில் தண்ணீர் நிரப்பி, பாதிக்கு மேல் நிரம்பாமல், கட்டிகளைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். அதிகம் வெந்த கல் சில நிமிடம் சும்மா கிடந்து திடீரென்று பொங்கும். 'வேலை செய்யலையே' என்று குனிந்து பார்க்கும் அந்த நொடியில்தான் கண் போகிறது. கண்ணை முழுதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குழந்தைகளை அருகில் விடவே கூடாது.

கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் அரை மணி நேரம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ வேண்டாம்; அமிலமும் காரமும் சேர்ந்தாலும் சூடுதான் பிறக்கும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்