இங்கே காசு கொடுத்தும் சனல் பண்ண ஏலாது

ஸ்காபரோ
16 கார்த்திகை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் அம்மாவும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். அம்மா கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

போன கிழமை போனில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காக மறுமொழி சொல்லவில்லை. லைனும் விட்டுவிட்டு வந்தது, எனக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. “கனடாவில இருந்துகொண்டு இவரின்ரை தோளை ஒரு பெரிய டொக்டரிட்டைக் காட்ட ஏலாதோ?” என்று கேட்டீர்கள். அதே மூச்சில் அம்மாவை இங்கே அனுப்பி, கண்ணையும் காட்டுவோம் என்றீர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஆறுதலாக எழுதுகிறேன்.

இவருக்குத் தோள் பிடித்தது போன வருடம் ஆவணியில். வெயர்ஹவுசில் பெட்டி தூக்கிய பிறகு வந்த நோ. இப்போது வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. சேர்ட் போடுவதென்றால் இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்து உள்ளே விடவேண்டும். நான் உதவிக்குப் போனால் கோபம் வரும். இரவில் தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் எழும்பிக் குந்திக்கொண்டிருப்பார். சலரோகக்காரருக்குத் தோள் இறுகுவது கூடுதலாம்.

அங்கே என்ன செய்வோம்? விடியப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் நம்பர் எடுத்துக் காத்திருப்போம். அவசரமென்றால் பின்னேரம் தனியாரில் காசு கட்டி ஒரு நிபுணரைச் சனல் பண்ணிக் காட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். இங்கே அந்த இரண்டாவது வழி இல்லை. நிபுணரிடம் நேரே போக ஏலாது, குடும்ப வைத்தியர் எழுதி அனுப்பவேண்டும். குடும்ப வைத்தியரே இல்லாதவர்கள் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 25 லட்சம் பேர் என்று அந்த வைத்தியர்களின் சங்கமே போன வருடம் சொன்னது. 2029க்குள் எல்லோருக்கும் ஏற்பாடு செய்வோம் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது, பார்ப்போம்.

எங்களுக்கு ஒரு தமிழ் டொக்டர் இருக்கிறார், அந்த மட்டில் புண்ணியம். அவருடைய கிளினிக் சுவரில் தமிழிலும் இங்கிலீசிலும் ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது: ஒரு தடவைக்கு ஒரு பிரச்சினை மட்டும். இவர் சீனி பார்க்கப் போன அன்று தோளையும் சொல்ல, அதற்கு வேறு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சீனியும் தோளும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன! சரி, தெருமுனையில் இருக்கிற, முன்கூட்டிப் பதியாமல் காட்டக்கூடிய வோக்-இன் கிளினிக்குக்குப் போவோமென்றால் அதற்கும் ஒரு சிக்கல். எங்கள் டொக்டர் மாதிரிப் பலருக்கு இத்தனை நோயாளிகள் என்று தலைக்கணக்கில் அரசாங்கம் காசு கொடுக்கிறது. அவருடைய நோயாளி வெளியே போய் வோக்-இன்னில் காட்டினால் அவருக்கு வரவேண்டியதில் வெட்டு விழும். ஆகவே முகம் கறுக்கும்.

எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் கெதியாய் முடிந்தன, அதைக் குறை சொல்லமாட்டேன். எம்.ஆர்.ஐ.யில்தான் மாட்டினோம். அவசரமில்லாதவர்களுக்கு 28 நாளுக்குள் எடுப்பதுதான் இலக்கு என்று அரசாங்கத்தின் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது இந்த வருடம் தையில். அதுவும் இரவு இரண்டு நாற்பதுக்கு! பகலென்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். இல்லையம்மா, இரவுதான், மெஷின் விடிய விடிய ஓடுகிறது என்றாள் அந்தப் பிள்ளை. கொட்டுகிற பனியில் காரைத் துடைத்துக்கொண்டு போனால், அந்த நேரத்திலும் வரிசையில் நாலைந்து பேர், பூட்ஸில் பனி உருகி நிலமெல்லாம் தண்ணீர். ஒரு வயது போன சீன ஐயா நித்திரை தூங்கித் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு எலும்பு நிபுணருக்குக் கடிதம். கடிதம் போவது பக்ஸில், அதுதான் அந்தத் தொலைநகலில். சிரிக்காதீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கு அப்படியொரு மெஷின் இருந்ததே தெரியாது, இங்கே டொக்டர்மார் இன்னும் அதில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஐந்து வருடத்தில் ஒழிப்போம் என்று 2023இல் அரசாங்கம் அறிவித்தது. மாசியில் அனுப்பியதற்கு ஆனியில் மறுமொழி வந்தது: இந்த டொக்டர் முழங்கால்தான் பார்க்கிறவர், தோள் பார்ப்பதில்லை. இதைச் சொல்ல நாலு மாதமா அக்கா? அந்த நாலு மாதமும் எங்கள் கணக்கில் சேராது, அடுத்தவரிடம் மறுபடி வாலில் இருந்து தொடங்கவேண்டும். அடுத்த இடத்திற்கு அனுப்பினார்கள். ஆவணியில் கேட்டால் எங்களுக்கு அப்படியொன்றும் வரவேயில்லையே என்கிறார்கள். எங்கள் கிளினிக்கில் அனுப்பினோம் என்கிறார்கள். அன்றைக்குத்தான் நான் பக்ஸ் போன துண்டின் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டேன். இப்போது திங்கட்கிழமைகளில் போன் எடுப்பது என் வேலை. யாராவது வராமல் விட்டால் கூப்பிடுங்கள், அரை மணித்தியாலத்தில் நிற்போம் என்று சொல்லி அந்தப் பட்டியலிலும் பெயரைப் போட்டிருக்கிறேன். கொடுத்திருக்கிற திகதி அடுத்த வருடம் வைகாசி.

காத்திருப்பதைக்கூடப் பொறுக்கலாம். வரிசையில் நாங்கள் எத்தனையாவது, வரிசை அசைகிறதா இல்லையா என்று யாரும் சொல்லமாட்டார்கள், அதுதான் ஆளைத் தின்கிறது. துணிந்து இங்கிலீசில் கேட்பவர்களுக்கு ஏதோ நடக்கிறது. எங்கள் கட்டடத்தில் இருக்கிற அம்மாமார் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பு பல நேரம் நம்பர் காட்டாது. நம்பர் இல்லாத கோல் எல்லாம் கள்ளர் என்று பிள்ளைகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால் எடுக்கமாட்டார்கள். திகதி வேறு ஆளுக்குப் போய்விடும்.

காசு கொடுத்தாவது காட்டுங்கோவன் என்றீர்கள். அதுதான் இங்கே நடக்காது. மாகாண அரசாங்கத்தின் மருத்துவக் காப்புறுதி அட்டையான ஓஹிப் காட் இருக்கிறவரிடம், அந்தக் காட் செலவை ஏற்கிற வைத்தியத்துக்கு டொக்டர் தனியாகக் காசு வாங்கக்கூடாது, சட்டம் அப்படி. பணக்காரனும் எங்களைப்போலத்தான் நிற்கவேண்டும் என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. பொறுமையில்லாதவர்கள் எல்லை கடந்து அமெரிக்காவில் இருக்கிற பஃபலோவுக்குக் காரில் போய், டொலரை எண்ணிக் கொடுத்து ஸ்கான் எடுத்து வருகிறார்கள். அதற்காக இங்கே எல்லாம் இலவசம் என்றும் நினைக்காதீர்கள். இவர் வயதுக்காரருக்கு மருந்துக்குளிசை எங்கள் செலவு, பல் எங்கள் செலவு. தோளுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோவும் அப்படித்தான். இவருடைய வேலையிடத்து இன்சூரன்ஸ் ஒரு பகுதி தருகிறது, அது முடிந்ததும் சுவரைப் பிடித்து விரலால் ஏறுகிற பயிற்சியை வீட்டிலேயே செய்கிறார். ஹோல் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார், எவ்வளவு உயரம் போனதென்று பார்க்க.

முழுதாகத் திட்டவும் மனம் வருவதில்லை. பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஐப்பசியில் நெஞ்சு நோ. அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய், அன்று இரவே இருதயக் குழாயில் அடைப்பெடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பில் 45 டொலர், அதுவும் அம்புலன்சுக்கு மட்டும். உயிர் போகிற வருத்தமென்றால் பறந்து வருவார்கள். இவருடைய தோள் உயிரை எடுக்காது, நித்திரையைத்தான் எடுக்கும், அது அவர்களுடைய கணக்கில் கடைசி.

இனி அம்மாவின் கண். பிள்ளைகளிடம் வந்து நெடுநாள் தங்கப் பெற்றோருக்குக் கொடுக்கிற சூப்பர் விசாவில் வருபவர்களுக்கு ஓஹிப் காட் கிடையாது. வருவதற்கு முன்பே ஒரு வருடத்துக்கு, குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு, மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும். அதுவும் திடீரென்று வருகிற வருத்தத்துக்குத்தான். ஏற்கெனவே இருக்கிற கண்புரைக்கு அவர்கள் காசு தருவார்கள் என்று நம்பி அம்மாவை விமானம் ஏற்றவேண்டாம். அங்கேயே கிளினிக்கில் பதிந்து வெட்டுவிப்போம். சனல் பண்ணுகிற காசும், தனியாரில் செய்வதென்றால் அந்தச் செலவும் நான் அனுப்புகிறேன், அத்தானிடம் கேட்கவேண்டாம். அம்மா தைப்பொங்கல் முடியட்டும், சிவராத்திரி முடியட்டும் என்று சாட்டுச் சொல்லுவா, விடாதீர்கள். கண் ஆறியபிறகு வைகாசிக்கு வந்தால் குளிரும் இருக்காது, பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் முடியப்போகிற நேரம்.

அம்மாவின் கிளினிக் கொப்பியில் கடைசியாக எழுதிய பக்கத்தைப் படமெடுத்து வைபரில் அனுப்புங்கள். திகதி கிடைத்ததும் உடனே சொல்லுங்கள், இரவென்றாலும் பரவாயில்லை, எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கச்சி