இறப்பைச் சொன்னதும் திரும்பிய தவணை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்ணன் காலமானதும் அண்ணி முதல் வேலையாக, வீட்டுக்கடன் வாங்கிய வங்கியில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தார். அன்றே அண்ணனின் சேமிப்புக் கணக்கை முடக்கிவிட்டார்கள். அது முறைதான், சரி. ஆனால் மாதத் தவணை அந்தக் கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. பணம் இருந்தும் தவணை திரும்பியது, அபராதம் விழுந்தது. அப்புறம் வசூல் பிரிவிலிருந்து போன், அதுவும் அண்ணன் பெயரைச் சொல்லி, “சார் இருக்காரா?” என்று!

அண்ணி இணைக் கடன்தாரர். தவணையை அவர் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள் என்று வங்கி ஊழியர்கள் கவுன்டரிலேயே சொல்லியிருக்கலாம். கடனோடு சேர்த்துத் தலையில் கட்டிய காப்பீட்டைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. பழைய கடன் காகிதங்களைப் புரட்டி நாங்களேதான் கண்டுபிடித்தோம்.

கடன்தாரர் இறந்தால் சொத்துப் பத்திரங்களை வாரிசுகளிடம் தரும் நடைமுறையை இணையதளத்தில் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. கடன் முடிந்து 30 நாளுக்குள் பத்திரம் வராமல் வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. நல்லது. கடன் ஓடும்போதே இறப்பைச் சொல்ல வருகிறவருக்கும் ஒரு தாள் கொடுக்கட்டும்: எந்தக் கணக்கு நிற்கும், தவணை எங்கிருந்து போகும், காப்பீடு உண்டா என்று.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை