வெண்பனி வேறு, பனிக்கட்டி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஆர்க்டிக் கடல் பற்றிய கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது: ‘விண்ணிலிருந்து பாயும் லேசர் பனியைத் துளைத்துச் சென்று அதன் தடிமனை அளந்துவிடுகிறது.’ கட்டுரையில் வேறு எது தவறாக இருந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். இந்த வரியை மட்டும் பொறுக்க முடியவில்லை.

அமெரிக்காவின் நாசா 2018இல் ஏவிய ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர் பனிக்கட்டியை அடிவரை துளைப்பதில்லை. தடிமனை அளப்பதும் இல்லை. அது அளப்பது மேற்பரப்பின் உயரத்தை மட்டுமே. சுமார் 500 கி.மீ. உயரத்திலிருந்து நொடிக்கு 10,000 முறை பச்சை ஒளித் துடிப்பு கிளம்புகிறது. ஒரு துடிப்பில் ஏறக்குறைய 20 லட்சம் கோடி ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், போகின்றன. தொலைநோக்கிக்குத் திரும்பி வருபவை ஒரு டஜன் அளவுக்குத்தான். போய் வரும் நேரம் 3.3 மில்லிநொடி. அதில் ஒரு நானோநொடி பிசகினால் உயரத்தில் 15 செ.மீ. பிழை. இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது, உறைந்த கடல்நீரான பனிக்கட்டியின் மேல், வானிலிருந்து பொழிந்து படிந்திருக்கும் வெண்பனியின் மேற்பரப்பு. அதற்குக் கீழே இருப்பது எதையும் அந்த எண் சொல்லாது.

அந்த உயரமும் தனியாக இருந்தால் உதவாது. கடலே ஓரிடத்தில் நிற்பதில்லையே. அலையேற்றம் தூக்குகிறது, காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு செ.மீ. இறங்குகிறது, பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் நீர்மட்டமே மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. இவற்றைத் திருத்திய பிறகும், பனிக்கட்டிக்கு நடுவே வாய் பிளந்து கிடக்கும் நீர்ப்பிளவு ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும். காற்றில்லாத நேரத்தில் அந்த நீர் கண்ணாடி போல இருக்கும். சுற்றியுள்ள வெண்பனியைவிடப் பல மடங்கு ஃபோட்டான்கள் அங்கிருந்து திரும்பும். அதைக் கடல்மட்டமாக வைத்து, பக்கத்துப் பரப்பின் உயரத்திலிருந்து கழித்தால் நீர்மேல் உயரம் கிடைக்கும். ஒவ்வொரு 10 கி.மீ. துண்டுக்கும் இப்படி ஒரு கடல்மட்டம் தேடுகிறார்கள். பிளவு அகப்படாவிட்டால் அந்த இடம் வெற்றிடம்தான். மேலே மேகம் இருந்தாலும் அதே கதி. மெல்லிய மேகமாக இருந்தால் ஒளி அதில் சிதறிச் சற்றுத் தாமதமாக வரும், உயரம் குறைந்து தெரியும். வெற்றிடத்தைவிட அது மோசம், ஏனென்றால் பார்வைக்கு நல்ல எண் போலவே இருக்கும்.

இனித்தான் தடிமன். மிதக்கும் பொருளின் பெரும்பகுதி நீருக்குள் இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1024 கிலோ, பனிக்கட்டி 915, வெண்பனி 320 என்று வைத்துக்கொள்வோம். நீர்மேல் உயரம் 30 செ.மீ., அதில் வெண்பனி 20 செ.மீ. என்றால் பனிக்கட்டியின் தடிமன் சுமார் 153 செ.மீ. வருகிறது. அதே 30 செ.மீ.யில் வெண்பனி 25 செ.மீ. என்று வைத்தால் தடிமன் சுமார் 120 செ.மீ.க்கு இறங்கிவிடுகிறது. லேசர் சொன்ன எண்ணில் மாற்றமே இல்லை. மேலே கிடப்பதில் ஐந்து செ.மீ. மாற்றினோம், கீழே 33 செ.மீ. காணாமல் போயிற்று. இந்தத் துறையில் கணக்குப் போடுபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது லேசரைப் பற்றி அல்ல, இந்த ஐந்து செ.மீ.யைப் பற்றித்தான்.

தங்கள் இதழில் இந்த ஐந்து செ.மீ.க்குப் பெயரே கிடையாது. வானத்திலிருந்து பொழிவதும் ‘பனி’. கடல்நீர் உறைந்து கிடப்பதும் ‘பனி’. மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் ‘பனி’. பத்தாண்டுகளாக இதைப் பார்த்து வருகிறேன்; இரண்டு முறை எழுதியும் இருக்கிறேன், பதில் வரவில்லை. ‘பனியின் மேல் உள்ள பனியின் ஆழத்தைக் கழிக்க வேண்டும்’ என்று எந்த வாசகருக்கு எழுதிப் புரியவைப்பது? கட்டுரையாளருக்கே இதனால்தான் சறுக்கியது என்று நினைக்கிறேன். சொல் ஒன்றாகிவிட்டால் பொருளும் ஒன்றாகிவிடுகிறது.

வெண்பனியின் ஆழத்தை அறியப் பட்ட பாடு தனி. சோவியத் நாட்டினர் மிதக்கும் பனிக்கட்டியிலேயே முகாம் அமைத்து, 1954 முதல் 1991 வரை எடுத்த அளவுகளைத்தான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அவை பெரும்பாலும் பல ஆண்டுகள் உருகாமல் கிடந்த பழைய பனிக்கட்டியின் மேல் எடுத்தவை. இன்றைய ஆர்க்டிக்கில் ஓராண்டுப் பனிக்கட்டிதான் அதிகம். அது இலையுதிர் காலத்தில் தாமதமாக உறைவதால், முதலில் விழும் வெண்பனி கடலுக்குள் போய்விடுகிறது. அதனால் அங்கே அந்தப் பழைய எண்களைப் பாதியாக்கிப் போடுவது வழக்கமாயிற்று.

இன்னொரு வழி, 2010இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கிரையோசாட்-2. அதன் ரேடார் அலை, குளிர்ந்து உலர்ந்த வெண்பனியை ஊடுருவிப் பெருமளவு பனிக்கட்டியின் மேற்பரப்பு வரை போகும். லேசர் வெண்பனியின் தலையில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில், வெண்பனிக்குள் ரேடார் அலை மெதுவாகப் போவதையும் கணக்கில் எடுத்தால், ஆழம் கிடைக்கும். இதற்காகவே 2020 ஜூலையில் கிரையோசாட்-2இன் பாதையைச் சற்று உயர்த்தி, ஐஸ்சாட்-2 போகும் தடத்தின் மேல் அவ்வப்போது போகும்படி செய்தார்கள். தங்கள் கட்டுரையோ இவ்விரண்டையும் ‘போட்டிச் செயற்கைக்கோள்கள்’ என்கிறது. ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கத் தடம் மாற்றி வந்ததைப் போட்டி என்று படித்தபோது மனம் வருந்தியது.

சொல்ல ஆரம்பித்தால் பழையவையும் வருகின்றன. ஐஸ்சாட்-2 ‘ஆறு லேசர்களைச் சுமந்து செல்கிறது’ என்று முன்பொரு முறை படத்துடன் வந்தது. வேலை செய்வது ஒரே லேசர். அதன் ஒளியைத்தான் ஆறு கற்றைகளாகப் பிரிக்கிறார்கள், மூன்று வலுவானவை, மூன்று மெலிந்தவை. பனிக்கட்டியின் உயரத்தை லேசரால் அளந்த ‘முதல்’ செயற்கைக்கோள் அது என்றும் எழுதினீர்கள்; 2003 முதல் 2009 வரை பழைய ஐஸ்சாட் அளந்தது எங்கே போயிற்று? 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் பனிக்கட்டி சுமார் 34 லட்சம் சதுர கி.மீ.யாகச் சுருங்கியதை லேசர் கண்டுபிடித்ததாக எழுதினீர்கள். அந்த ஆண்டு விண்ணில் ஐஸ்சாட்டும் இல்லை, ஐஸ்சாட்-2உம் இல்லை. பரப்பை அளப்பது நுண்ணலைக் கருவிகள், 1978இன் கடைசியிலிருந்து.

எல்லாவற்றுக்கும் மேல், ஆண்டுதோறும் வரும் அந்த வரி: ‘கடல் பனி உருகுவதால் கடல்மட்டம் உயர்கிறது.’ ஒரு டம்ளரில் ஐஸ் துண்டுகளைப் போட்டு, விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றி, அலுவலக மேசையில் வைத்துவிடுங்கள். ஐஸ் உருகி முடியும்வரை ஒரு சொட்டும் வழியாது. மிதப்பது உருகினால் மட்டம் உயர்வதில்லை என்றே சொல்லலாம். கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தின் மேல் கிடப்பது கடலில் சேர்ந்தால்தான் உயரும். இந்த இரண்டையும் குழப்பியதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளை, தேர்விலும் அப்படியே எழுதும்.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இணைப்பில் ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள்: ‘லேசர் அளப்பது மேற்பரப்பின் உயரத்தை, தடிமன் கணக்கிட்டுப் பெறுவது.’ இனி வரும் கட்டுரைகளில் பொழிவதை வெண்பனி என்றும், உறைந்ததைப் பனிக்கட்டி என்றும் எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டு சொற்களுக்கு மேல் இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்