பப்புவா நியூ கினிய பத்து நாள்ல சுத்த முடியாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பப்புவா நியூ கினி பத்தி வந்த பயணக் கட்டுரைய படிச்சேன். அந்த நாட்ட பத்தி தமிழ்ல யாரும் எழுதுறதே அபூர்வம், அதுக்கு முதல்ல ஒரு நன்றி. ஆனா அதுல போட்டிருந்த பத்து நாள் பிளானை நம்பி யாராச்சும் கிளம்பினா பாவம், பாதி நாள் ஏர்போர்ட் நாற்காலிலயே போயிடும். நானும் ஃப்ரெண்ட்ஸும் அடுத்த செப்டம்பர்ல போகலாம்னு இதே வேலையா இருக்கோம், என் மச்சினர் லே நகரத்துல அக்கவுண்ட்ஸ் வேலைல இருந்தவர், அவர தொணதொணத்து தெரிஞ்சுக்கிட்டதும் சேர்த்துதான் எழுதறேன்.

கட்டுரைல மோர்ஸ்பிலேர்ந்து கார் எடுத்து மலைநாட்டு ஊரான கொரோகா போகலாம்னு இருக்கு. முடியாதுங்க. தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கும் நாட்டோட மத்த பெரிய ஊருங்களுக்கும் நடுவுல ரோடே கிடையாது, குறுக்க ஓவன் ஸ்டான்லி மலை நிக்குது. லே-லேர்ந்து கொரோகா வழியா மவுண்ட் ஹேகன் வரைக்கும் ஹைலேண்ட்ஸ் ஹைவே இருக்கு, அதுவும் மழைக்கு எங்க சரியும்னு சொல்ல முடியாதாம், சில இடத்துல வழிப்பறி பயம் வேற. அதனால சிங்கப்பூர்லேர்ந்து ஏர் நியுகினி பிடிச்சு மோர்ஸ்பில இறங்கி, அங்கேர்ந்து எங்க போனாலும் மறுபடி ஃப்ளைட்தான். உள்ளூர் ஃப்ளைட் லேட் ஆகறது, திடீர்னு கேன்சல் ஆகறதெல்லாம் சகஜம், ஊர் திரும்பற டிக்கெட்டுக்கு முன்னாடி ஒரு நாளாவது மோர்ஸ்பில சும்மா இருக்கற மாதிரி வச்சுக்கணும்னு மச்சினர் கண்டிப்பா சொல்லிட்டார்.

எங்க முடிவு என்னன்னா ஒரு மலைநாட்டு ஊர், ஒரு கடலோரம், அவ்ளோதான். 1975 செப்டம்பர் 16 அவங்க ஆஸ்திரேலியாகிட்டேர்ந்து சுதந்திரம் வாங்கின நாள், அதையொட்டி கொரோகா ஷோன்னு பல குழுங்க கூடி ஆடிப் பாடற விழா நடக்கும், 1957லேர்ந்து நடக்குது. அசாரோ பக்கத்து ஆளுங்க களிமண் முகமூடி போட்டு வருவாங்க, தாரி பக்கத்து ஹூலி ஆம்பளைங்க சொந்த முடிய வளர்த்து செஞ்ச விக்கோட வருவாங்க, இன்னும் எத்தனையோ குழு, ஒவ்வொண்ணுக்கும் தனி பாட்டு, தனி ஆட்டம், தனி பாஷை. நாடு முழுக்க 800க்கு மேல பாஷை இருக்குங்க! ரூம் எல்லாம் பல மாசம் முன்னாடியே ஃபுல் ஆயிடும். கொரோகா ஏறக்குறைய நம்ம ஏற்காடு உயரம், ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேணும். செபிக் ஆறு ஆசை இருக்கறவங்க அத தனி டிரிப்பா வச்சுக்கோங்க, 1,100 கிலோமீட்டருக்கு மேல ஓடற ஆறு, மோட்டார் வச்ச ஓடத்துலதான் ஊர் ஊரா போகணும், ரெண்டு நாள்ல தொட்டுட்டு வர இடமில்ல.

கடலோரத்துக்கு கோகோபோ. 1994ல எரிமலை வெடிச்சு ரபாவுல் நகரத்த சாம்பல்ல மூடினப்புறம் ஈஸ்ட் நியூ பிரிட்டன் மாகாண தலைநகர கோகோபோவுக்கு மாத்தினாங்க. பக்கத்துல பிட்டா பாக்கால போர் கல்லறை இருக்கு, ஜப்பான்காரன்கிட்ட சிங்கப்பூர் விழுந்தப்ப பிடிபட்டு அவ்ளோ தூரம் இழுத்துட்டு போகப்பட்ட இந்திய சிப்பாய்ங்க நிறைய பேர் அங்கதான் இருக்காங்க. எங்க லிஸ்ட்ல முதல் இடம் அதுக்குத்தான், உங்க கட்டுரைல ஒரு வரி கூட இல்ல.

பாதுகாப்பு விஷயத்தையும் மழுப்பாம எழுதுங்க சார். 2024 ஜனவரில மோர்ஸ்பில கலவரம் வந்து கடைகள கொளுத்தினாங்க, எங்கா மாகாணத்துல குழுச்சண்டை இப்பல்லாம் துப்பாக்கியோட. இருட்டினப்புறம் மோர்ஸ்பில நடக்கவே கூடாது, ஏர்போர்ட்டுக்கு ஹோட்டல் வண்டிய வரச் சொல்லிடணும். தாழ்வான பகுதியெல்லாம் மலேரியா உண்டு, கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர பாத்து மாத்திரை ஆரம்பிக்கணும். இன்னொண்ணு, அங்க கிட்டத்தட்ட 97 சதவீத நிலம் ஊர்க்குடும்பங்க கையில வழிவழியா இருக்கு, அருவியோ பீச்சோ யாரோ ஒருத்தரோட இடம், கேக்காம காலை வைக்கக்கூடாது, காசு கேட்டா அது ஏமாத்து வேலை இல்ல.

எனக்கு நெஜமா கடுப்பானது கட்டுரைக்கு போட்ட 'கற்கால மனிதர்கள்'ங்கற தலைப்புதான். மவுண்ட் ஹேகன் பக்கத்துல கூக்-ன்னு ஒரு சதுப்பு நிலம், 7,000 வருஷம் முன்னாடியே வாய்க்கா வெட்டி விவசாயம் பண்ணின தடயம் இருக்கு, 2008ல யுனெஸ்கோ பாரம்பரிய இடமாச்சு. அந்த ஆட்கள போயி கற்காலம்னு போடறதா? 2023 மே மாசம் அங்க பொதுவா பேசற டோக் பிசின் பாஷைல திருக்குறள் மொழிபெயர்ப்ப மோடியும் அவங்க பிரதமர் மராப்பேவும் மோர்ஸ்பில வெளியிட்டாங்க, மொழிபெயர்த்தவங்கள்ல ஒருத்தர் சிவகாசில பொறந்து வெஸ்ட் நியூ பிரிட்டன் மாகாண கவர்னரா ஆன சசீந்திரன் முத்துவேல். அவர் ஒருத்தர்கிட்ட பேசியிருந்தாலே இந்த தலைப்பு வந்திருக்காது. (பாக்கு போடறதுலயும் அவங்க நமக்கு அண்ணன், வெத்தலைக்கு பதிலா அந்த கொடியோட காய சுண்ணாம்புல தொட்டு கடிக்கறாங்க.)

அங்க டீச்சரா, அக்கவுண்டண்டா வேலை பாத்துட்டு திரும்பின நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் இருப்பாங்க, அவங்கள எழுத சொல்லி ஒரு அறிவிப்பு போடுங்களேன். எங்க குரூப்ல ஒருத்தர் சுத்த சைவம், சக்கரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் தாராளமா கிடைக்கும்னு மச்சினர் சொல்றார், ஆனா மலைநாட்டு விருந்துல பன்னி இல்லாம குழி அடுப்பு எரியாதாம். இத சமாளிச்சவங்க யாராச்சும் எழுதினா எங்களுக்கு உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை