நாய்க் கண்காட்சி நடுவர்களே, சொல்ல வேண்டியதை ரிங்கிலேயே சொல்லுங்கள்

நடுவர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், கண்காட்சி நடத்தி அவர்களை அழைத்து வருகிற சங்கக்காரருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். இங்கிருந்து நாயைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பெரும்பாலும் கண்டி அல்லது கொழும்புதான். கொழும்பு என்றால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவே வான் பிடித்து, கந்தளாய் தாண்டி, ஹபரணைப் பக்கம் யானை குறுக்கே நிற்குமோ என்று கண்ணை விழித்துக்கொண்டு, பின்சீற்றில் மூச்சு வாங்கும் நாய்க்கு ஈரத் துவாயைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தால், நீங்கள் நாய்களைப் பார்வையிடுகிற களமான ரிங்கில் எங்களுக்குக் கிடைப்பது உங்களுடைய இரண்டு மூன்று நிமிடம். பல்லைப் பார்ப்பீர்கள், தோளைத் தடவுவீர்கள், முக்கோணமாக ஓடச் சொல்வீர்கள், பிறகு விரலை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று. ஏன் மூன்றாவது என்று பணிவாகக் கேட்டால் "நல்ல நாய்தான், தொடர்ந்து கொண்டு வாங்க" என்று ஒரு சிரிப்பு. சரி, நேரமில்லை, அடுத்த வகுப்பு, அதாவது அடுத்த போட்டிப் பிரிவு, காத்திருக்கிறது, ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அதே நாயைப் பற்றி அன்று இரவே பேஸ்புக்கில் பத்தி பத்தியாக எழுத உங்களில் சிலருக்கு எங்கிருந்து நேரம் வருகிறது?

நடந்ததைச் சொல்கிறேன். பேர் சொல்லப் போவதில்லை, சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும். பாலையூற்றுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி லப்ரடோர் பெட்டை ஒன்று வளர்க்கிறான். முதல் தடவையாகக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், ஒரு ரிபனும் கிடைத்து, வீட்டுக்கு வந்ததும் வாசலில் நாயை நிறுத்திப் படமெடுத்துப் போட்டான். அதன் கீழே ஒரு நடுவர், அதுவும் அன்றைக்கு அந்த ரிங்கில் நடுவராக இல்லாதவர், முன்பக்கம் போதாது, கழுத்து குட்டை, இதற்கெல்லாம் ரிபன் கொடுத்தால் இந்த இனம் எங்கே போய் முடியும் என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றையும் ஒட்டிவிட்டுப் போனார். விடிவதற்குள் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. குட்டியைக் கொடுத்த பிரீடர் போன் எடுத்து "தம்பி, அந்தப் படத்தைத் தூக்கிவிடு" என்றார். அடுத்த ஈற்றில் ஒரு குட்டி வேண்டுமென்று சொல்லி வைத்திருந்தவர் பேசாமல் நழுவிவிட்டார். தம்பி ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. எழுதுவானா? நாளைக்கு அதே ஆள் முன்னால்தான் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்தச் சின்ன நாட்டில் நடுவர்கள் எத்தனை பேர், திரும்பத் திரும்ப அதே முகங்கள்தானே.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். எடுத்தது அவனுடைய அண்ணன், நின்ற வாக்கில், நாயின் தலைக்குக் கிட்ட போனைப் பிடித்து, மேலிருந்து கீழாக. போன் லென்ஸ் கிட்டே இருப்பதை ஊதிப் பெருப்பித்துத் தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும். தலை பெரிதாகி, கழுத்து தோளுக்குள் புதைந்து, முன்கால் கட்டையாகி, பின்பக்கம் காணாமல் போயிருந்தது. வாசல் சிமெந்து தெருவை நோக்கிச் சரிவு, அதனால் முதுகுக்கோடும் சரிவு. தோள் எலும்பு எவ்வளவு பின்னோக்கிப் படிந்திருக்கிறது என்பது விரல் வைத்துத் தேடினால்தான் தெரியும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். லப்ரடோர் பெட்டைக்கு உயரம் 54 முதல் 56 சென்ரிமீற்றர் என்று எப்.சி.ஐ. (சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு) வைத்திருக்கிற ஸ்டாண்டர்ட், அதாவது இனத்தின் இலட்சண விவரம், சொல்கிறது, படத்தில் எந்த அடிமட்டத்தை வைத்து அளந்தீர்கள்? நீர்நாய் வால் போல அடர்ந்த வால் வேண்டும் என்கிறது, ஆனால் இங்கே கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதங்களில் உள்மயிர் கொட்டி வாலும் மெலிந்துதான் கிடக்கும், மாரிக்குப் பிறகு வந்து பார்த்தால் அதே நாய் வேறு நாய். நடையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அசையாத படத்தில் நடை ஏது.

எப்.சி.ஐ. நடுவர்களுக்கென்று வைத்திருக்கிற விதிகளில் ஒன்று, போட்டி முடியும் வரை நாய்களின் விவரம் அச்சிட்ட கேட்டலொக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது. நாய் யாருடையது, எந்தக் கெனலில் (வளர்ப்பகத்தில்) இருந்து வந்தது, தாய் தகப்பன் யார் என்று தெரியாமல் நாயை மட்டும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்த விதி? கேட்டலொக்கை மூடி வைத்துவிட்டு, கண்காட்சிக்கு முதல் வாரம் முழுக்கப் பேஸ்புக்கில் நாயின் படம், சொந்தக்காரர் பேர், கெனல் பேர் எல்லாவற்றையும் பார்த்து, போதாததற்குக் கருத்தும் எழுதிவிட்டு ரிங்குக்குள் வந்தால் அந்த விதிக்கு என்ன மரியாதை? ஒரு தடவை "முன்பக்கம் போதாது" என்று ஊரறிய எழுதியவர், அடுத்த மாதம் அந்த நாய் நன்றாகவே வந்து நின்றாலும் முதலிடம் கொடுப்பாரா? கொடுத்தால் எழுதியது பொய்யாகிவிடும். மனுசன்தானே, எழுதியதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

இன்னொன்று, சக நடுவரின் தீர்ப்பைக் குறை சொல்லக் கூடாது என்பதும் உங்கள் விதிதான். ரிபன் வாங்கின நாயைப் படத்துக்குக் கீழே கிழித்தால், அதைக் கொடுத்தவரையும் சேர்த்துத்தான் கிழிக்கிறீர்கள். புகழ்ச்சியும் இதே கணக்குத்தான். ஒருவருடைய நாய்க்கு மட்டும் நெருப்பும் இதயமும் வரிசையாகப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே நாய்க்குச் சம்பியன் பட்டத்துக்குக் கணக்காகிற சலேஞ்ச் சேர்ட்டிபிக்கேட் கொடுத்தால், அந்த நாய் உண்மையிலேயே நல்ல நாயாக இருந்தாலும் ஆர் நம்புவது? உங்களில் சிலர் குட்டியும் விற்கிறீர்கள். அடுத்தவனுடைய நாயைக் குறை சொன்ன வாயோடு "எங்களிடம் நல்ல குட்டிகள் உண்டு" என்ற பதிவு வரும்போது நாங்கள் என்ன நினைப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

நாலு பேர் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன் என்பார்கள். நல்ல விஷயம், கற்றுக்கொடுங்கள். கோட்டோவியம் போட்டு விளக்குங்கள், உங்கள் சொந்த நாயை வைத்து விளக்குங்கள், அதன் குறையையும் சேர்த்து. திருகோணமலைக்கு ஒரு நாள் வந்து வகுப்பெடுங்கள், மண்டபம் பிடித்து, சோறு போட்டு, கடற்கரையும் காட்டி அனுப்புகிறோம், உண்மையாகவே சொல்கிறேன். கேட்காத ஒருவனுடைய நாயை, பேர் தெரிகிற மாதிரி, ஊருக்கு முன்னால் அறுத்துக் காட்டிவிட்டு அதற்குப் பாடம் என்று பேர் வைக்க வேண்டாம்.

பிரித்தானியாவில் நடுவர்கள் கிரிட்டிக், அதாவது நாயைப் பற்றிய விமர்சனக் குறிப்பு, எழுதி வெளியிடுவது பழைய வழக்கமாயிற்றே என்று யாராவது கேட்கலாம். வழக்கம்தான். அங்கே எழுதுபவர் அன்றைக்கு அந்த நாயைக் கை வைத்துப் பார்த்தவர், தன் பேரைப் போட்டு, தான் ஏன் அந்த இடத்தைக் கொடுத்தேன் என்று கணக்குச் சொல்கிறார். ஐரோப்பாவில் பல எப்.சி.ஐ. கண்காட்சிகளில் நடுவர் சொல்லச் சொல்ல ரிங்கிலேயே ஒருவர் எழுதி, எக்ஸலன்ட், வெரி குட் என்ற தரத்தோடு தாளைச் சொந்தக்காரர் கையில் கொடுக்கிறார்கள். அந்தத் தாளில் என் நாயை எவ்வளவு கடுமையாக எழுதினாலும் நான் வாங்கிக்கொள்வேன். வான்காரருக்குக் காசு கொடுத்து நாங்கள் வருவதே அதற்காகத்தான்.

நாயின் சுகம் பற்றிய விஷயம் வேறு, அதில் நடுவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரித்தானியாவின் பெரிய நாய்க் கண்காட்சியான கிரப்ட்ஸில் 2016இல் இனத்தில் முதலாவது வந்த ஜேர்மன் ஷெப்பர்டின் சரிந்த முதுகையும் நடையையும் டிவியில் பார்த்துப் பலர் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் பேஸ்புக்கில் அது கடைசியில் அந்த நாயின் சொந்தக்காரப் பெண்ணைத் துரத்தித் திட்டுவதில் போய் நின்றது. இதே கிரப்ட்ஸில் 2012இல் ஒரு வேலை செய்தார்கள்: உடல்நலச் சிக்கல் அதிகமான 15 இனங்களில் முதலாவது வந்த நாய்களை மிருக வைத்தியர் பார்த்த பிறகுதான் அடுத்த சுற்றுக்கு விட்டார்கள். அதில் ஆறு நாய்கள் தேறவில்லை. கசப்பான முடிவுதான், பெரிய சண்டையும் வந்தது, ஆனாலும் நாயைக் கையால் பார்த்து அந்த இடத்திலேயே சொன்ன முடிவு. நீங்களும் நொண்டுகிற நாயைக் கண்டால் ரிங்கை விட்டு அனுப்புங்கள், கொழுத்த நாயென்றால் சொந்தக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் நாயைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகிறவனைப் பார்த்து, நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதை என்று சொல்லிச் சிரிப்பதற்கு அயலவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். அந்தச் சிரிக்கிற வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம்.

சங்கக்காரரிடம் கேட்பது இதுதான். நடுவரின் முடிவே இறுதி என்று நுழைவுப் படிவத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள், நாங்களும் போடுகிறோம். நடுவருக்கு அனுப்புகிற அழைப்புக் கடிதத்திலும் இரண்டு வரி சேருங்கள்: போட்டியில் இருக்கிற, அல்லது நாளை வரக்கூடிய நாய்களைப் பற்றி இணையத்தில் நல்லதோ கெட்டதோ எழுதக் கூடாது, எழுதினால் அடுத்த வருடம் அழைப்பில்லை. முறைப்பாடு செய்பவரின் பேர் வெளியே போகாமல் இருக்க ஒரு வழியும் வையுங்கள், இல்லாவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம், ரிங்குக்கு ஒரு எழுத்தரும் ஒரு கட்டுத் தாளும். எல்லா வகுப்புக்கும் முடியாவிட்டால் முதல் மூன்று இடங்களுக்காவது செய்யலாம். அதற்காக நுழைவுக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் நான் கட்டத் தயார், என்னோடு வானில் வருகிறவர்களும் கட்டுவார்கள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலை உவர்மலையில் நாய் வளர்க்கும் ஒருவன்